மேற்குப் பிரிவு: ஓர் ஓடுகாலி வரலாறு

அமெரிக்க பேஸ்பாலில், அமெரிக்கன் லீக் மேற்குப் பிரிவில் இன்று ஐந்து அணிகள். சியாட்டில் மரைனர்ஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ், அப்புறம் அத்லெடிக்ஸ். ஐந்தாவதற்கு முன்னால் ஊர்ப் பெயர் எங்கே என்று தேடாதீர்கள். அச்சுப்பிழை இல்லை. அதற்கு ஊரே கிடையாது. பிறந்தது ஃபிலடெல்ஃபியா, 1955-ல் கன்சாஸ் சிட்டி, 1968-ல் ஓக்லண்ட், 2025-ல் வெஸ்ட் சாக்ரமெண்டோவில் ஒரு குட்டி லீக் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம், 2028-ல் லாஸ் வேகாஸ் போவதாக ஏற்பாடு. சட்டையின் ஒரு கையில் லாஸ் வேகாஸ் பட்டை, மறு கையில் சாக்ரமெண்டோ பாலத்தின் படம். 57 ஆண்டுகள் சோறு போட்ட ஓக்லண்டுக்கு எந்தக் கையிலும் இடமில்லை.

இதை வெட்கக்கேடு என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தப் பிரிவின் வரலாறு தெரியாது என்று பொருள். இது மரபு. மேற்குப் பிரிவு பிறந்ததே ஒரு முதலாளி ஊரைவிட்டு ஓடியதால்தான்.

அந்த முதலாளியின் பெயர் சார்லி ஃபின்லி. காப்பீட்டு வியாபாரத்தில் சம்பாதித்தவர். 1960-ல் கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸை வாங்கினார். வீரர்களுக்குப் பச்சை, தங்க நிறச் சட்டை மாட்டினார், வெள்ளைக் காலணி போட்டார், ஒரு கோவேறு கழுதைக்குத் தன் பெயரையே வைத்து மைதானத்தில் உலாவவிட்டார். அந்தக் கழுதை ஊர்க்காரர்களிடம் நாணயமாக நடந்துகொண்டது. அதன் பெயர்க்காரர் வாங்கிய நாளிலிருந்தே வேறு ஊருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். 1967 அக்டோபரில் லீக் அனுமதி கொடுத்தது. ஓக்லண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கன்சாஸ் சிட்டிக்கு லீக் என்ன சொன்னது? 1971 வாக்கில் உங்களுக்கு வேறு அணி தருகிறோம், பொறுங்கள் என்றது. மிசௌரி மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் ஸ்டூவர்ட் சிமிங்டனுக்குப் பொறுமை இல்லை. பேஸ்பால் முதலாளிகளின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிற தொழில்களுக்கெல்லாம் பொருந்தும் ஏகபோகத் தடைச் சட்டம் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் பொருந்தாது என்று 1922-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த விலக்கை ஒழித்துவிடுவேன் என்றார் சிமிங்டன். 1971 என்ற தேதி உடனே 1969 ஆகிவிட்டது. கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் பிறந்தது. போன ஃபின்லியைப் பற்றிச் சொல்லும்போது, ஹிரோஷிமாவுக்குப் பிறகு மிக அதிர்ஷ்டமான ஊர் ஓக்லண்ட்தான் என்றும் அவர் சொல்லிவைத்தார். கொடூரமான பேச்சு. ஆனால் ஓக்லண்டின் தலையெழுத்தைப் படித்த பேச்சு.

ஒற்றை அணியாகச் சேர்த்தால் அட்டவணை இடிக்கும். ஆகவே கன்சாஸ் சிட்டிக்குத் துணையாக இன்னொரு ஊர் அவசரமாகத் தேவைப்பட்டது. சியாட்டில் மாட்டிக்கொண்டது. 12 அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேற்கில் ஓக்லண்ட், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ், கன்சாஸ் சிட்டி, மினசோட்டா, சிகாகோ, சியாட்டில். நாட்டின் நடுவில் இருக்கும் சிகாகோ மேற்காம். இன்னொரு லீக்கான நேஷனல் லீக்கில் இன்னும் விசேஷம்: அட்லாண்டாவை மேற்கில் போட்டார்கள். சூரியன் எந்தப் பக்கம் உதிக்க வேண்டும் என்பதை முதலாளிகள் கூட்டம் போட்டு முடிவு செய்யும் தொழில் இது.

சியாட்டில் பைலட்ஸ் அணியின் ஆயுள் ஒரே சீசன். 1969 தொடக்க நாளில் ரசிகர்கள் டிக்கெட்டோடு நிற்கிறார்கள், உள்ளே இருக்கைகளை இன்னும் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் கொஞ்சம் சேர்ந்தால் கழிப்பறையில் தண்ணீர் வராது. 64 வெற்றி, 98 தோல்வி. முதலாளிகள் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள். 1970 வசந்தகாலப் பயிற்சி முடிந்து அணியின் சாமான்களை ஏற்றிய லாரிகள் யூட்டா மாநிலத்தில் நின்றுகொண்டிருந்தன. வடக்கே சியாட்டிலுக்குப் போவதா, கிழக்கே மில்வாக்கிக்குப் போவதா என்று ஓட்டுநர்களுக்கே தெரியாது. தொடக்க ஆட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, திவால் நீதிமன்றம் அணியை மில்வாக்கியின் கார் வியாபாரி பட் சீலிக்குக் கொடுத்தது. விலை 1.08 கோடி டாலர். புதுச் சட்டை தைக்க நேரமில்லை. பைலட்ஸ் என்ற எழுத்தைப் பிரித்துவிட்டு அந்த இடத்திலேயே புரூவர்ஸ் என்று தைத்தார்கள். பழைய தையலின் தடம் சட்டையில் அப்படியே தெரிந்தது. திருட்டுப் பொருளில் பழைய பெயர் அழியாமல் இருப்பது சகஜம்தான்.

பட் சீலிக் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மூன்று முறை வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே.

சியாட்டில் என்ன செய்தது? அழுதது, பிறகு வழக்குப் போட்டது. வாஷிங்டன் மாநிலமும் கிங் கவுண்டியும் நகராட்சியும் சேர்ந்து லீக்கை நீதிமன்றத்துக்கு இழுத்தன. 1976-ல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே லீக் சமரசத்துக்கு வந்தது. கூண்டில் ஏறி உண்மை பேசுவதைவிட ஒரு அணியைக் கொடுத்துத் தொலைப்பது மலிவு என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1977-ல் மரைனர்ஸ் வந்தது இப்படித்தான். கன்சாஸ் சிட்டிக்கு மிரட்டல், சியாட்டிலுக்கு வழக்கு. வேறு எந்த மொழியும் இந்தக் கூட்டத்தின் காதில் விழுவதில்லை.

மில்வாக்கி இரண்டு ஆண்டு மேற்கில் ஆடிவிட்டு 1972-ல் கிழக்குக்கு மாறியது. ஏன்? கிழக்கிலிருந்து இன்னொரு முதலாளி மேற்கே ஓடிவந்துவிட்டார். தலைநகர் வாஷிங்டனின் செனட்டர்ஸ் அணியை நடத்திய பாப் ஷார்ட், டெக்சாஸின் ஆர்லிங்டனுக்கு மூட்டை கட்டினார். இதே தலைநகர் பத்தாண்டுக்கு முன்பே ஒரு செனட்டர்ஸை இழந்திருந்தது. அந்த அணிதான் மினசோட்டா ட்வின்ஸ். அதை இழுத்துக்கொண்டு போன கால்வின் கிரிஃபித், 1978-ல் ஒரு லயன்ஸ் சங்கக் கூட்டத்தில் காரணத்தை மனம் திறந்து சொன்னார்: மினசோட்டாவில் கறுப்பர்கள் 15,000 பேர்தான், அதனால்தான் வந்தேன் என்றார். அவருடைய மிகச் சிறந்த பேட்டர் ராட் கேரு கறுப்பர். கேரு கொதித்துப்போனார், அடுத்த ஆண்டு ஏஞ்சல்ஸுக்கு அனுப்பப்பட்டார். கிரிஃபித்துக்கு ஸ்டேடிய வாசலில் சிலை வைத்தார்கள். 2020-ல்தான் அதை அகற்றினார்கள். அவர் பேசி 42 ஆண்டு கழித்து.

செனட்டர்ஸின் கடைசி ஆட்டம் 1971 செப்டம்பர் 30. எதிரணி யாங்கீஸ். பாப் ஷார்ட் நாறுகிறார் என்று பதாகை தொங்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், செனட்டர்ஸ் 7-5 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி. ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். புல்லைப் பிடுங்கினார்கள், பேஸைப் பெயர்த்தார்கள். நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தி யாங்கீஸுக்கு வெற்றி கொடுத்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைத் தோற்ற ஊர். ரசிகர்களின் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. மண்ணை அள்ளியவன் காட்டுமிராண்டி. அணியையே அள்ளியவர் தொழிலதிபர்.

அதே 1971-ல், அதே செனட்டர்ஸில், 13 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுப் போனவர் கர்ட் ஃபிளட். ஓக்லண்டில் வளர்ந்த பையன். செயின்ட் லூயிஸ் அணி 1969-ல் தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, போக மாட்டேன், என் விருப்பம் கேட்காமல் வாங்கி விற்க நான் சொத்து அல்ல என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972-ல் 5-3 என்று தோற்றார். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் பழைய ஆட்டக்காரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரின் பெயரை வரிசையாக எழுதி உருகினார். பிறகு, 1922-ல் கொடுத்த விலக்கு விநோதமானதுதான், ஆனாலும் அதைக் காங்கிரஸ்தான் திருத்த வேண்டும் என்று கையைக் கழுவினார். ஃபிளட்டின் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிருந்தது.

நியாயத்தைக் கவனியுங்கள். ஆடுகிறவன் ஊர் மாற மாட்டேன் என்றால் அது ஒப்பந்தத் துரோகம், விளையாட்டே அழிந்துவிடும். ஆட்டுவிக்கிறவர் ஊரையே மாற்றினால் அது வணிகச் சுதந்திரம். வீரர்களுக்கான விலங்கு 1975 டிசம்பரில் தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பால் உடைந்தது. ஊர்களுக்கான விலங்கு இன்றுவரை உடையவில்லை.

ஓக்லண்டில் ஃபின்லி 1972, 73, 74 என்று மூன்று உலகத் தொடர்களை, அதாவது சாம்பியன் பட்டங்களை, வென்றார். மீசை வளர்த்தால் 300 டாலர் போனஸ் கொடுத்த மகராசன், பிட்சர் கேட்ஃபிஷ் ஹண்டருக்கு ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையைக் கட்டவில்லை. ஹண்டர் விடுதலையாகி யாங்கீஸுக்குப் போனார். 1973 உலகத் தொடரில் மைக் ஆண்ட்ரூஸ் என்பவர் இரண்டு பந்தைக் கோட்டைவிட்டார் என்பதற்காக, எனக்குக் காயம் என்று அவரிடமே எழுதி வாங்கி வெளியேற்றப் பார்த்தார் ஃபின்லி. கமிஷனர் தடுத்தார். பிறகு வீரர்களை ஒவ்வொருவராக இழந்து, விற்று, 1979-ல் அணி எந்த நிலைக்கு வந்தது தெரியுமா? ஏப்ரலில் ஒரு நாள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் 653 பேர். ஓக்லண்டில் ரசிகர்களே இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்ட பொய்க்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். 1980-ல் அணியை வாங்கிய வால்டர் ஹாஸ் குடும்பம் நேர்மையாக நடத்தியது. கூட்டம் வழிந்தது; 1989-ல் கோப்பையும் வந்தது. நல்ல முதலாளி கிடைத்தால் ஊர் வரும் என்பதற்கு இந்தப் பிரிவில் இருக்கும் அரிய சான்று அது. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் பின்பற்றவில்லை.

பிறகு தொடங்கியது ஸ்டேடிய வேட்டை. இதன் சூத்திரம் எளிது. அணி வேண்டும் என்கிற ஊர்களின் எண்ணிக்கையைவிட அணிகளின் எண்ணிக்கையை லீக் எப்போதும் குறைவாகவே வைத்திருக்கும். எப்போதும் ஒரு காலி ஊர் பூச்சாண்டியாக நிற்க வேண்டும். 1980-களின் கடைசியில் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அந்த வேலையைப் பார்த்தது. பாவப்பட்ட ஊர், அணியே இல்லாமல் கூரை போட்ட ஸ்டேடியத்தைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. அதைக் காட்டி, அப்போது மேற்குப் பிரிவில் இருந்த சிகாகோ ஒயிட் சாக்ஸின் முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப் இலினாய் மாநிலத்தை மிரட்டினார். 1988 ஜூன் 30 நள்ளிரவோடு சட்டசபைக்குக் கெடு. ஓட்டு எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டிவிட்டது. என்ன செய்தார்கள்? கடிகாரத்தை நிறுத்தினார்கள். 11:59 என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு பணக்காரருக்காகக் காலமே நின்றது. அதே மனிதர் 2024-ல் இன்னொரு புது ஸ்டேடியத்துக்குச் சுமார் 100 கோடி டாலர் அரசுப் பணம் கேட்டு வந்தார். அந்த ஆண்டு அவருடைய அணி 121 ஆட்டம் தோற்றது.

டெக்சாஸ் இன்னும் கைதேர்ந்தது. 1989-ல் ஒரு கூட்டாளிக் குழு ரேஞ்சர்ஸை வாங்கியது. அதன் முகம் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அவர் போட்ட பணம் சுமார் 6 லட்சம் டாலர். 1991-ல் ஆர்லிங்டன் மக்கள் தங்கள் விற்பனை வரியை அரை சென்ட் உயர்த்திக்கொண்டு புது ஸ்டேடியம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். 19.1 கோடி டாலர் செலவில் 13.5 கோடி பொதுப் பணம். நிலம் கொடுக்க மறுத்தவர்களிடமிருந்து அரசு அதிகாரத்தால் பிடுங்கினார்கள்; போதுமான விலை கொடுக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நடுவர் குழு பல லட்சம் டாலர் கூடுதலாகத் தீர்ப்பளித்தது. தனிச்சொத்து புனிதம், வரி பாவம் என்று முழங்கும் கட்சிக்காரர் நடத்திய அணி இது. 1998-ல் அணி 25 கோடிக்கு விலைபோனது. புஷ்ஷின் பங்கு சுமார் 1.5 கோடி டாலர். வரி கட்டிய ஆர்லிங்டன்காரனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகும் உரிமை கிடைத்தது.

1994-ல் திறந்த அந்த ஸ்டேடியத்தை 2019-ல் கைவிட்டார்கள். 26 சீசன். வெயில் தாங்கவில்லையாம், கூரை வேண்டுமாம். டெக்சாஸில் ஜூலை மாதம் வெயில் அடிக்கும் என்ற ரகசியம் 1994-ல் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை போலும். எதிரே இன்னொன்று கட்டினார்கள். சுமார் 120 கோடி டாலர். அதில் ஊர் தலையில் 50 கோடி வரை. பழைய ஸ்டேடியம் இன்னும் கல்லுக்குண்டாக நிற்கிறது. ஆட்டத் தரத்தைச் சொல்ல வேண்டுமென்றால், 1994 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தால் சீசன் நின்றபோது மேற்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தது ரேஞ்சர்ஸ்தான்: 52 வெற்றி, 62 தோல்வி. வென்றதைவிடப் பத்து ஆட்டம் அதிகம் தோற்ற அணி முன்னணியில் நின்றது. நேர்மையான அடையாளம். அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. அதை ரத்து செய்து அறிவித்த தற்காலிக கமிஷனர் யார்? பட் சீலிக். சியாட்டிலின் அணியை வாங்கிக்கொண்டு போன அதே கார் வியாபாரி. இது இரண்டாவது வருகை.

சியாட்டிலுக்கு வருவோம். 1995 செப்டம்பரில் கிங் கவுண்டி மக்களிடம் ஸ்டேடியத்துக்கு வரி போடலாமா என்று ஓட்டெடுத்தார்கள். மயிரிழையில் என்றாலும் வேண்டாம் என்று சொன்னார்கள் மக்கள். ஜனநாயகம் பேசிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. அதே மாதம் மரைனர்ஸ் வெறிகொண்டு ஜெயித்துக்கொண்டிருந்தது. 13 ஆட்டம் பின்னால் கிடந்த அணி ஏஞ்சல்ஸைப் பிடித்தது, யாங்கீஸை எட்கர் மார்ட்டினஸ் அடித்த ஒரே அடியில் வீழ்த்தியது. ஊர் போதையில் இருந்தது. மறுபக்கம் முதலாளிகள், அக்டோபர் கடைசிக்குள் பணத்துக்கு வழி பண்ணாவிட்டால் அணியை விற்போம் என்றார்கள். அந்த அக்டோபரிலேயே சட்டசபை சிறப்புக் கூட்டம் போட்டு, மக்கள் வேண்டாம் என்றதை வேறு பெயரில் வரியாக விதித்தது. ஓட்டல் சாப்பாட்டிலிருந்து அரை சதவீதம். ஓட்டுப் போட்ட விரலுக்கு மை காய்வதற்குள் நடந்தது இது. 1999-ல் 51.7 கோடி டாலர் ஸ்டேடியம் திறந்தது. பழைய ஸ்டேடியமான கிங்டோமை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் கடனை 2015 வரை கட்டினார்கள். புழுதி அடங்கி 15 ஆண்டு கழித்தும் இல்லாத கட்டடத்துக்குத் தவணை! மரைனர்ஸ் 2001-ல் 116 ஆட்டம் வென்றது. இன்றுவரை உலகத் தொடர் வாசலை மிதிக்காத ஒரே அணியும் அதுதான். இதற்காக வீரர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏஞ்சல்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே தங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவில்லை. 1961-ல் லாஸ் ஏஞ்சலஸ், 1965-ல் கலிஃபோர்னியா, 1997-ல் அனஹைம், 2005-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஆஃப் அனஹைம். ஒப்பந்தப்படி பெயரில் அனஹைம் என்ற சொல் இருக்க வேண்டும். எங்கே இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. முதலாளி ஆர்ட்டி மொரினோ அதை வாலில் கட்டினார். ஊர் வழக்குப் போட்டது, நடுவர் குழு 2006-ல் முதலாளி பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு வாலும் உதிர்ந்தது. ஸ்டேடியத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் 32 கோடி டாலருக்கு மொரினோவின் நிறுவனத்துக்கு விற்க அனஹைம் நகராட்சி பேரம் முடித்தது. அப்போது எஃப்பிஐ கதவைத் தட்டியது. பேரத்தின் ரகசியத் தகவல்களை அணித் தரப்புக்குக் கசியவிட்டு, தேர்தல் நிதியாகப் பத்து லட்சம் டாலர் எதிர்பார்த்தார் என்று மேயர் ஹாரி சித்து மீது விசாரணை. 2022 மே மாதம் பதவி விலகினார். பிறகு விசாரணைக்கு இடையூறு செய்தது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டார். விற்பனை ரத்தானது. அணி மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. முதலாளி தப்பு செய்ய வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊர்த் தலைவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஷோஹெய் ஒட்டானி, மைக் ட்ரவுட் என்று காலத்துக்கு ஒருவர் பிறக்கும் இரண்டு பேரை ஒன்றாக வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டில் ஒரு முறைகூட அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஒட்டானி 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். அங்கே போனதும் முதல் ஆண்டிலேயே கோப்பை.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இந்தப் பிரிவுக்கு 2013-ல் வந்தது. வரவில்லை, தள்ளப்பட்டது. நேஷனல் லீக்கில் 51 ஆண்டு ஆடிய அணி. ஆனால் 1998-ல் மில்வாக்கி புரூவர்ஸ் அமெரிக்கன் லீக்கை விட்டு நேஷனல் லீக்குக்குத் தாவியிருந்தது. அதனால் இரண்டு லீக்குகளின் எண்ணிக்கை ஏறுமாறாகிக் கிடந்தது. அந்தக் கோணலை நேராக்க ஹூஸ்டனைப் பிடித்து மேற்கில் போட்டார் கமிஷனர். அணியை வாங்க வந்த ஜிம் கிரேனிடம், மாற ஒப்புக்கொண்டால்தான் விற்பனைக்கு அனுமதி என்று நிபந்தனை. வாயை அடைக்கச் சுமார் 7 கோடி டாலர் தள்ளுபடி. தாவிய புரூவர்ஸ் யாருடைய குடும்ப அணி? பட் சீலிக்குடையது. ஹூஸ்டனை நகர்த்திய கமிஷனர் யார்? பட் சீலிக். மூன்றாவது வருகை முடிந்தது. கார் வியாபாரியாகத் தொடங்கியவர் இப்போது புகழ் மண்டபத்தில் இருக்கிறார்.

ஹூஸ்டனின் ஸ்டேடியத்துக்கு 2000-ல் வைத்த பெயர் என்ரான் ஃபீல்ட். முப்பது ஆண்டுக்கு 10 கோடி டாலர் என்று பெயர் சூட்டு உரிமை. அடுத்த ஆண்டே என்ரான் உலகம் சிரிக்கத் திவாலானது. அந்தப் பெயரைக் கழற்ற அணி 21 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. மோசடிக்காரனின் பெயரை நீக்க மோசடிக்காரனின் கடன்காரர்களுக்குக் காசு. பெயர் போனது, வாசம் போகவில்லை. 2017-ல் இதே மைதானத்தில் எதிரணி கேட்சரின் விரல் சைகைகளைக் கேமராவில் பார்த்து, அடுத்து வரும் பந்து என்ன என்பதைத் தங்கள் பேட்டருக்குச் சொல்ல ஒரு முறை கண்டுபிடித்தார்கள். விண்வெளி நிலையம் இயக்கும் ஊர், அதிநவீனக் கருவி ஏதாவது இருக்கும் என்று நினைப்பீர்கள். குப்பைத் தொட்டி. அதைக் கட்டையால் தட்டினார்கள். ஒரு ரசிகரே பழைய ஒளிப்பதிவுகளைக் கேட்டு ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட தட்டல்களை எண்ணி வெளியிட்டார். அந்த ஆண்டு உலகத் தொடர்க் கோப்பையை வாங்கினார்கள்.

2019 நவம்பரில் உண்மையைச் சொன்னவர் மைக் ஃபியர்ஸ். ஆஸ்ட்ரோஸில் ஆடி, அப்போது ஓக்லண்டில் இருந்த பிட்சர். தண்டனை: அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், புது வீரர் தேர்வில் சில இடங்கள் பறிப்பு, மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஓராண்டுத் தடை. தட்டிய கை எதற்கும், அடித்த பேட் எதற்கும் ஒரு நாள் தடைகூட இல்லை. கோப்பை பறிக்கப்படவில்லை, அது ஒரு உலோகத் துண்டுதானே என்றார் சீலிக்குப் பின் வந்த கமிஷனர் ராப் மேன்ஃபிரெட். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். கிரேன் செய்தியாளர் கூட்டத்தில் இது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாதிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை என்றார். இந்தத் திறமைக்கு அவர் அரசியலில் இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஓக்லண்ட். 2005-ல் ஜான் ஃபிஷர் உள்ளிட்டவர்கள் சுமார் 18 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். ஃபிஷர், கேப் துணிக்கடை நிறுவனர்களின் மகன். குறைந்த சம்பளத்தில் நிறைய வெல்வது எப்படி என்று இந்த அணியைப் பற்றிப் புத்தகமும் வந்தது, படமும் வந்தது. ஃபிஷர் அதில் முதல் பாதியை மட்டும் படித்தார். ஓக்லண்டில் வேரூன்றியவர்கள் என்று விளம்பரப் பலகை வைத்துக்கொண்டே வேறு ஊருக்கு நிலம் பார்த்தார். நல்ல வீரர்களை எல்லாம் அனுப்பிவிட்டு டிக்கெட் விலையை ஏற்றினார். ஸ்டேடியத்தில் சாக்கடை பொங்கியது, வர்ணனையாளர் அறையில் பொசம் என்ற விலங்கு குடியேறியது. 2023-ல் 112 தோல்வி. கூட்டம் குறைந்ததும், பார்த்தீர்களா, ஊருக்கு அக்கறை இல்லை என்றார்கள்.

ஜனங்கள் பதில் சொன்னார்கள். 2023 ஜூன் 13 அன்று, எங்களுக்கு அக்கறை இருக்கிறது, முதலாளியைத்தான் பிடிக்கவில்லை என்று காட்டுவதற்காகவே 27,759 பேர் திரண்டார்கள். அணியை விற்றுவிட்டுப் போ என்று கத்தினார்கள். அணி 2-1 என்று வென்றது. அதே நாள் நெவாடா மாநில செனட், லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் பொதுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. ஆசிரியர் சங்கத்தினர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகுதான் ஸ்டேடியம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அந்த 27,759 பேரைப் பற்றிக் கேட்டபோது, ஒரு நாளைக்காவது மற்ற ஊர்களின் சராசரிக் கூட்டம் வந்ததே, மகிழ்ச்சி என்கிற பொருளில் கமிஷனர் மேன்ஃபிரெட் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் ஒப்பாரி சுருதி சேரவில்லை என்று சொல்கிற நெஞ்சு அது. நவம்பரில் 30 முதலாளிகளும் ஒருமனதாக இடமாற்றத்துக்குக் கைதூக்கினார்கள். பல கோடி டாலர் இடமாற்றக் கட்டணத்தையும் ஃபிஷருக்குத் தள்ளுபடி செய்தார்கள். ஓக்லண்டுக்கு என்ன தள்ளுபடி என்று கேட்க அந்த அறையில் ஓக்லண்ட்காரர் யாரும் இல்லை.

2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம். 46,889 பேர். எதிரணி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், அதாவது தலைநகரிலிருந்து ஓடிவந்த அதே அணி. ஓக்லண்ட் 3-2 வென்றது. 1971-ல் போல யாரும் பேஸைப் பெயர்க்கவில்லை. கண்ணியமாக அழுதார்கள், காகிதக் குவளையில் மண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.  அந்தக் கண்ணியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதனால் ஒரு செங்கல்கூட அசையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்சாஸ் சிட்டிக்கு அணி கிடைத்தது ஒரு செனட்டர் 1922 தீர்ப்பின் மேல் கைவைப்பேன் என்று சொன்னதால். சியாட்டிலுக்குக் கிடைத்தது நீதிமன்றத்தால். இந்தப் பிரிவில் பக்தியைக் காட்டி அணியைத் தக்கவைத்த ஊர் ஒன்று உண்டென்றால் அது பக்தியோடு பணப்பையையும் திறந்த ஊர்.

ஓக்லண்டிலும் முயன்றார்கள். 25 மைலுக்கு மேல் ஓடும் அணி தான் விட்டுப்போகும் ஊருக்கு இழப்பீடு தர வேண்டும், இல்லையென்றால் ஏகபோகத் தடைச் சட்ட விலக்கு பறிபோகும் என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் பார்பரா லீயும் மார்க் டிசானியரும் 2023 ஜூனில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. அவரவர் ஊரின் ஓட்டில் ஜெயித்த மற்ற 500 சொச்சம் பேருக்கும் வேறு வேலை இருந்தது. நீதிபதி ஹோம்ஸ் எழுதிய 1922 தீர்ப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதைக் காங்கிரஸ் ஒரே சட்டத்தில் நீக்க முடியும். இன்னும் முழுதாக நீக்கவில்லை.